நானும் சம்பந்தியும் வீட்டைப் பூட்டிய விதம்

எழுபத்தோராவது வயதில் நான் ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கியதற்கு ஒரே காரணம், என் மகள் கல்யாணம் செய்ய விரும்பிய பையன் ஜப்பான்காரன் என்பதுதான். பையன் நல்லவன். நாங்கள் குடியேறிய இந்தப் பிரெஞ்சு பேசும் ஊரில், டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. அவனோடு பேச எனக்கு ஆங்கிலம் போதும். அவனுடைய தாய் தகப்பனுக்கோ ஜப்பானியத்தைத் தவிர வேறு எதுவும் வராது. எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவன் நேரே போய்ப் பையனைப் பெற்றவரிடம் கேட்பதுதான் முறை. பிள்ளைகள் இருவரும் எப்போதோ முடிவெடுத்துவிட்டார்கள், கேட்பது வெறும் சடங்கு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை இன்னொருவர் வாயால் போனால், அது நான் கேட்டதாக ஆகாது என்று மனம் அடித்துக்கொண்டது.

மகளிடம் சொன்னேன்.

“அப்பா, முப்பது வருஷமா இஞ்ச இருக்கிறியள். டெப்பனர் கடையிலை பால் வாங்கிப்போட்டு மெர்சி சொல்ல மட்டுந்தான் உங்கடை பிரெஞ்சு. யப்பான் பாஷை வரப்போகுதே?”

“பிரெஞ்சு என்னை மதிக்கேல்லை,” என்றேன். “இது மதிக்குதோ பாப்பம்.”

கோட்-டெ-நெய்ஜில் எங்கள் அடுக்குமாடியிலிருந்து மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு சமூக மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பு. மொத்தம் பதினொரு பேர். என்னை விட்டுவிட்டால் சராசரி வயது இருபத்திரண்டு வரும். அவர்கள் எல்லோரும் கார்ட்டூன் பார்த்துப் பாதி மொழியை முன்கூட்டியே விழுங்கிவிட்டு வந்திருந்தார்கள். முதல் பரீட்சையில் எனக்குப் பதினோராவது இடம். காது மந்தமாகிவிட்டதோ, மூளையில் இடம் தீர்ந்துவிட்டதோ என்று இரண்டு இரவு தூக்கமில்லை.

ஆசிரியை ஐம்பது வயதுப் பெண். அவரை ‘சென்செய்’ என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருநாள் மெட்ரோ நின்றுபோய் இரண்டு நிமிடம் பிந்தி வந்தவர், வாசலிலேயே நின்று எங்கள் பதினொரு பேரிடமும் குனிந்து மன்னிப்புக் கேட்டார். இந்த ஊரில் பஸ் இருபது நிமிடம் பிந்தி வந்தாலும் சாரதி நம் முகத்தைப் பார்ப்பதில்லை. வகுப்பு முடிந்ததும் அவரவர் மேசையை அவரவரே துடைக்க வேண்டும். நான் நான்காவது வாரத்திலிருந்து துடைக்கும் துணியை வீட்டிலிருந்தே கொண்டுபோனேன். மண்டபத்துத் துணி சுத்தமில்லை.

இரண்டு விஷயங்கள் என்னைக் காப்பாற்றின. ஒன்று, தமிழைப் போலவே அங்கும் வினை கடைசியில் வரும். பிரெஞ்சில் யோசித்து முடிக்கும் முன்பே வினையைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும். இங்கே எல்லாவற்றையும் நிதானமாக அடுக்கிவிட்டு, செய்வதைக் கடைசியில் சொல்லலாம். மற்றது எண்ணிக்கை. காகிதத்தை எண்ண ஒரு சொல், பென்சிலுக்கு வேறொன்று, பூனைக்கு இன்னொன்று. இளசுகள் தலையில் கை வைத்தார்கள். நான் செயின்ட்-மிஷேலில் ஒரு பண்டகசாலையில் இருபத்தாறு வருடம் சரக்கு எண்ணியவன். எண்ணுவதற்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் மொழி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது எனக்கு அவ்வளவு காலமும் தெரியாமல் போயிற்று. எண்ணிக்கைப் பரீட்சையில் முதலிடம் எனக்கு. சென்செய் என் தாளை இரண்டு தரம் பார்த்தார்.

சம்பந்தியிடம் சொல்ல வேண்டியதை நானே எழுதினேன். சென்செய் நான்கு தடவை திருத்தினார். ‘எங்கள் மகளை உங்கள் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளுங்கள்; உங்கள் மகனை எங்கள் வீட்டுப் பிள்ளையாகத் தாருங்கள்.’ இவ்வளவுதான். குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் நின்று தினமும் சொல்லிப் பார்த்தேன்.

மாசி மாதம் அவர்கள் வந்தார்கள். வெளியே மைனஸ் இருபத்து மூன்று. எங்கள் வீட்டில் தேநீர், பிறகு டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் மதியச் சாப்பாடு என்று ஏற்பாடு. அவர்கள் வருமுன் மகள் என்னைத் தனியாகப் பிடித்தாள்.

“அப்பா, இண்டைக்கு ஒரு நாளைக்கு மட்டும், வெளிக்கிடேக்கை அடுப்பையும் பைப்பையும் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ. பிளீஸ்.”

“நிக்கேல்லை,” என்றேன்.

சம்பந்தி என்னைவிட இரண்டு வயது இளையவர். நிமிர்ந்த முதுகு. சப்பாத்துகளைக் கழற்றி, நுனி வாசலைப் பார்க்கும்படி சோடியாக வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். தேநீர் வந்தது. நான் தொண்டையைச் செருமி, பாடமாக்கியதை ஆரம்பித்தேன். மூன்றாவது சொல்லில் நாக்குத் தடுக்கியது. பையன் உடனே, பாவம், உதவிக்கு வந்துவிட்டான். ஜப்பானியத்தில் ஏதோ சொன்னான். தகப்பன் அவன் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் தமிழிலை சொல்லுங்கோ அப்பா,” என்றாள் மகள். “நான் இங்கிலீஷிலை சொல்லுறன், இவர் அவையளுக்குச் சொல்லுவார்.”

நான் சொன்னது இரண்டு வாய் தாண்டி என்னவாகப் போய்ச் சேர்ந்ததோ, சம்பந்தி ஜன்னலைப் பார்த்துப் புன்னகைத்து, பனி அழகாக இருக்கிறது என்றார். அது மட்டும் எனக்கு நேரடியாகவே விளங்கியது. பதினாலு மாதம் படித்தது வானிலைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்பட்டோம். எல்லோரும் லிஃப்டுக்குப் போய்விட்டார்கள். கையுறையை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லி நான் திரும்பினேன். அடுப்பில் ஐந்து குமிழ்கள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஐந்தும் மூடியிருந்தன. மறுபடி முதலிலிருந்து தொடங்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது.

சம்பந்தி. கட்டிய சப்பாத்தை மறுபடி கழற்றிவிட்டு உள்ளே வந்திருந்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. கையுறை, கையுறை என்று ஜப்பானியத்தில் முணுமுணுத்தேன். கையுறை இரண்டும் என் கையிலேயே இருந்தன.

அவர் சிரிக்கவில்லை. அடுப்பின் முன் நேராக நின்று, வலது கையை நீட்டி, சுட்டுவிரலால் முதல் குமிழைக் காட்டி, “யோஷி,” என்றார். சரி என்று அர்த்தம். அடுத்த குமிழ், யோஷி. ஐந்துக்கும் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் வாழ்நாள் முழுதும் ரயில் ஓட்டியவர் என்று பையன் சொல்லியிருந்தான். அங்கே ரயில்காரர்கள் சிக்னலையும் கதவையும் விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொல்லித்தான் உறுதிசெய்வார்கள் என்று சென்செய் ஒருநாள் செய்து காட்டியிருந்தார். என் வீட்டில் வியாதி என்று பெயர் வாங்கியது அவருக்கு உத்தியோகம்.

“அடுத்தது?” என்று கேட்டார்.

குழாயைக் காட்டினேன். “யோஷி.” என் கை வளைந்திருந்தது என்று அவர் முழங்கையைப் பிடித்து நிமிர்த்தினார். குளியலறைக் குழாய், இரண்டு ஜன்னல், இஸ்திரிப்பெட்டி. இரண்டு கிழவர்கள், குளிர்கோட்டும் காலுறையுமாக, அறை அறையாகக் கை நீட்டிக்கொண்டு போனோம். பல்கனிக் கதவுக்கு வந்தோம். இருவரும் ஒன்றாகக் கை நீட்டினோம். இருவருமே யோஷி சொல்லவில்லை.

கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. காலையில் மீன் பொரித்த மணம் போக, புறப்படும்போது மனைவி திறந்துவிட்டது. நாங்கள் சாப்பிட்டு வரும்வரை அந்தக் குளிரில் மூன்று மணி நேரம் அப்படியே கிடந்திருந்தால், வீட்டைச் சூடாக்கச் சுவரோரம் ஓடும் வெந்நீர்க் குழாய்கள் உறைந்து வெடித்திருக்கும்.

“திறந்திருக்கிறது,” என்றேன் ஜப்பானியத்தில். நாக்குத் தடுக்கவில்லை.

“திறந்திருக்கிறது,” என்றார் அவரும், பெரும் திருப்தியோடு. தள்ளி மூடிப் பூட்டினோம். யோஷி.

அதே இடத்தில், அதே மூச்சில், பாடமாக்கியதை முழுவதும் சொன்னேன். அவர் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு ஆழமாகக் குனிந்தார். எனக்காக மெதுவாகப் பேசினார்.

“குறைகள் உள்ள பிள்ளை. தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கள்.” பிள்ளையைக் கொடுக்கும்போது அங்கே பெற்றவர்கள் பணிவுக்குச் சொல்வது அது. “அவன் இனி ஊருக்குத் திரும்ப மாட்டான். நாங்கள் தூரத்தில் இருக்கிறோம். நீங்கள் அவனைப் பார்த்துக்கொள்வீர்களா?”

மகனின் வாய் வழியாக அவரால் கேட்க முடியாத கேள்வி அது. இதைக் கேட்கத்தான் அவரும் திரும்பி வந்திருக்கிறார்.

“ஒவ்வொரு வாரமும் பார்ப்பேன்,” என்றேன். “தவறாமல்.” எழுதி வைக்காத, யாரும் திருத்தாத வாக்கியம். அவருக்கு விளங்கியது, கண்ணில் தெரிந்தது.

கீழே வேனில் எல்லோரும் விறைத்துப்போய் இருந்தார்கள்.

“அடுப்போ, அப்பா?” என்றாள் மகள்.

“கேட்டாச்சு,” என்றேன். “ஓம் எண்டிட்டார்.”

“ஆர் மொழிபெயர்த்தது?”

“ஒருத்தரும் இல்லை.”

மனைவிதான் வெடித்தாள். “நான் இல்லாமல் கேட்டுப்போட்டியளோ? பெத்தது நீங்களோ நானோ? பக்கத்திலை நான் நிக்க வேண்டாமே? இது சரிவராது. திருப்பிக் கேளுங்கோ.”

உணவகத்தில் ஆறு பேரும் உட்கார்ந்து, தண்ணீர் வந்த பிறகு, நான் எழுந்தேன். மனைவி பட்டுச்சேலையைச் சரிசெய்து என் பக்கத்தில் நின்றாள். பையன் வாயைத் திறக்கப் பார்த்தான். மகள் அவன் கையை அழுத்தினாள். முதலிலிருந்து கடைசிவரை, ஒரு சொல் விடாமல், அக்கம்பக்கத்து மேசைகளுக்கும் கேட்கும்படி சொன்னேன். சம்பந்தி தன் மனைவியையும் எழுப்பி நிறுத்தி, இப்போதுதான் முதல்முறை கேட்பவர் போல முழுவதும் கேட்டு, குனிந்து, குறைகள் உள்ள பிள்ளை என்றார். பையனின் தாய் கைக்குட்டையை எடுத்தார்.

மனைவி அவர்கள் குனிந்த அளவுக்கே தானும் குனிந்தாள். நிமிர்ந்து என்னிடம், “என்ன சொன்னவர்?” என்று கேட்டாள்.

மேசையில் இருந்த எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.