ஒரு பிடி பழம்

எடை போடும் இடத்தில் அன்று நின்றவர்கள்: என் சின்னம்மா. வாழவந்தி அக்கா. தலைச்சோலையிலிருந்து வரும் அண்ணிமார் இரண்டு பேர். நான். தராசுக்குப் பக்கத்தில், கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர். கடைசியாக, சேலத்திலிருந்து இந்த மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதுப்பெண். காப்பிப் பழம் பறிக்க அவளுக்கு அது முதல் நாள்.

எங்களுக்கெல்லாம் முப்பது கிலோவுக்குப் பக்கம். அவளுக்கு ஐம்பது. ரைட்டர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "நாளையிலிருந்து ஆளுக்கு நாப்பது. முடியாதவங்க ஊட்டுலயே இருந்துக்கங்க."

சின்னம்மா தரையைப் பார்த்தார். அவருக்குக் கை நடுங்கும். நாள் முழுக்கப் பறித்தாலும் இருபது தாண்டாது. அவர் கூலியில்தான் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது. அதனால் அளவு ஏறாமலிருக்க நாங்கள் கையை அடக்கிப் பறிப்போம். தாண்டிப் போகும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு பிடி அவர் சாக்கில் விழும். இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. நான் வேலைக்கு வந்த புதிதில் முன்னால் போனவள் போட்டாள்; பார்த்தேன்; நானும் போட்டேன்.

வாழவந்தி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்கண்ணு, கையில மிசினு மாட்டியிருக்கியா? எங்களுக்கும் ஒண்ணு வாங்கிக் குடேன்."

"ஏனுங்கக்கா, பறிக்கத்தானே கூப்ட்டாங்க? நொம்பப் பறிச்சது தப்புங்களா?"

நியாயமான கேள்வி. ஆனாலும் அதோடு அவளிடம் பேச்சை நிறுத்தினோம். மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போதும் அவள் தனியாகத்தான் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் எடையில் சின்னம்மாவுக்கு ஐம்பத்தைந்து. எங்களுக்கு நாற்பது. அவளுக்கு இருபத்தொன்று. நாங்கள் போடுவதைப் பார்த்திருக்கிறாள். எவ்வளவு போடவேண்டும் என்று தெரியாமல் பாதிக்கு மேல் கொட்டிவிட்டாள். ரைட்டர் அவளிடம் சொன்னார்: "நாளைக்கும் இப்படின்னா அடுத்த நாள் வராதம்மா."

ஏன் கொட்டினாள்? எங்களுக்குப் பயந்தா, தனியாக உட்கார முடியாமலா, சின்னம்மாவின் கையைப் பார்த்தா? வருசம் சில போய்விட்டது. பறிக்கும்போது இன்னும் அதையே நினைக்கிறேன். பயந்துதான் மனுசர் ஊரோடு ஒத்துப்போகிறார்கள் என்பார்கள். என்னை யாரும் மிரட்டியதில்லை. நான் ஏன் போட்டேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. அவளைப் பற்றி என்ன சொல்ல? சொல்லாத ஒன்றை அவள் மீறினாள் என்று முகத்தைத் திருப்பினோமே, அது எந்தக் கணக்கு?

மூன்றாம் நாளும் அவளிடம் ஒருத்தியும் பேசவில்லை. ஆனால் அவள் சாக்கைத் தாண்டும்போதெல்லாம் என் கை தானாகப் பழம் கட்டிய மடிக்குள் போனது. ஒரு பிடி போதாது என்று நாலு பிடி போட்டேன். மற்றவர்களும் அப்படியே நினைத்திருக்கிறார்கள். சின்னம்மாவும்கூட.

சாயங்காலம் அவள் சாக்கைக் கொக்கியில் மாட்டினார்கள். ரைட்டர் முள்ளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி முள்ளைப் பார்த்தார்.

அறுபத்தெட்டு.