ஒரு நாள் முழுக்கப் பிடித்த நீர்

உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் காலை பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். இமைகள் வீங்கிய முகம். துண்டில் சுற்றிய பெரிய புட்டி ஒன்று மடியில் இருந்தது. அடிக்கடி கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே அழுத்துவார். விழுந்த குழியைக் குனிந்து பார்ப்பார்.

"நீங்க ஸ்கூல் வாத்தியாருதான சார்? ஒரு சந்தேகம்" என்று துண்டை விலக்கினார். புட்டியின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கடுங்காப்பி நிறத்தில் நீர். "நேத்து காலையிலேருந்து ஒன்னுக்குப் போனதெல்லாம் புடிச்சாரச் சொன்னாரு பெரியாஸ்பத்திரி டாக்டரு. இவ்ளோதான் கீது. பாதியக் கொட்டிட்டேன்னு கத்துவாரு. கொஞ்சம் தண்ணி ஊத்திக்கினா கண்டுபுடிச்சிடுவாரா?"

"ஊத்தாதீங்க. இருக்கிறதை அப்படியே கொடுங்க" என்றேன். சிறுநீரகம் ரத்தத்தை ஓயாமல் வடிகட்டி, கழிவையும் வேண்டாத தண்ணீரையும் சிறுநீராக வெளியே அனுப்புவதை விளக்கினேன்.

அவர் புட்டியைத் தூக்கி நீரின் மட்டத்தைப் பார்த்தார். "நாலு செம்பு தண்ணி குடிச்சேன் சார். வந்தது இவ்ளோதான். அப்போ மிச்சம் எங்க போச்சி?"

வருஷா வருஷம் பலகையில் நான் எழுதிப் போடும் பதில்தான். அவருடைய வீங்கிய காலைப் பார்த்தேன். சற்று முன் அவர் அழுத்திய குழி இன்னும் நிரம்பவில்லை.