மாட்டு டாக்டரிடம் கடைசியாக வந்தவர்கள்

மாட்டு டாக்டரிடம் யாரும் முதலில் வருவதில்லை. வேப்பெண்ணெய் தடவி, கஷாயம் புகட்டி, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மாத்திரையை வெல்லத்தில் பொதிந்து கொடுத்துப் பார்த்து, எதற்கும் கேட்காமல் மூச்சு இழுக்கிற நேரத்தில்தான் நம் நினைவு வரும். வந்ததும் ‘பிழைக்குமா’ என்பார்கள். அதற்கு நாம் வாயைத் திறப்பதற்குள் ‘எவ்வளவு ஆகும்’ என்பார்கள்.

சுதந்திரம் வந்து சில வருஷங்களில் நான் ராமநாதபுரத்துக்கு மாற்றலாகி வந்தேன். ஓட்டுக்கூரை போட்ட இரண்டு அறை, மாட்டை நிறுத்திக் கட்ட ஒரு மரச்சட்டம், கம்பவுண்டர் சோலையப்பன். இவ்வளவுதான் கவர்மெண்டு மாட்டாஸ்பத்திரி. பார்ப்பதற்குக் காசு கிடையாது. ஆனால் அலமாரியில் இல்லாத மருந்தை வெளியே வாங்க வேண்டும். நல்ல மருந்து எதுவும் அலமாரியில் இருக்காது. நாயையோ பூனையையோ வீட்டில் ஒரு ஆளாக வளர்த்து, அதற்கு நோவு வந்தபோது யாரிடம் போவது, எதுவரை செலவு செய்வது என்று தெரியாமல் தவித்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றவனுக்கும் அதே தவிப்புத்தான்.

தொண்டையில் முள்

பாம்பனிலிருந்து காலை ரயிலில் ஒரு மீனவர் வந்தார். பெயர் அந்தோணி. கூட அவர் மனைவி மரியம்மை. அவள் மடியில் சாக்கில் சுற்றிய ஒரு கறுப்பு நாய். அதன் வாயிலிருந்து தூண்டில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. இரை கோத்து வைத்த முள்ளை அப்படியே விழுங்கியிருக்கிறது. நூலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள் ஊரில். மரியம்மைதான் நூலைச் சுருட்டித் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, புருஷனைக்கூடத் தொடவிடாமல் ரயிலேற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

பல்லுக்கு இடையே கட்டையைக் கொடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். முள் தொண்டையின் பக்கச் சுவரில் ஏறியிருந்தது. முனையில் இருக்கிற கொக்கி இழுத்தால் சதையோடுதான் வரும். அதை முன்பக்கமாகத் தள்ளி, முனை வெளியே வந்ததும் வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பின்னால் உருவ வேண்டும். எதிர் சைக்கிள் கடையில் கட்டிங் பிளேயர் வாங்கி வெந்நீரில் கொதிக்கப் போட்டோம். மயக்கத்துக்குக் குளோரோபாரம் மட்டும்தான் இருந்தது. நாய்களுக்கு அது பொல்லாதது, கொஞ்சம் கூடினால் போய்விடும். முனையைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே சோலையப்பன், “அய்யா, நாடி இல்லை” என்றான். பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து விலாவை அழுத்தினேன். அந்தோணி டார்ச்சை அசைக்காமல் பிடித்திருந்தார். மரியம்மையின் உதடு மட்டும் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இனி இல்லை என்று நான் கையை எடுக்கப்போன நேரத்தில் நாய் ஒரு பெருமூச்சு விட்டது.

திரும்ப மயக்கம் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. அரை மயக்கத்தில் அது விழிப்பதற்குள் வெட்டி உருவிவிட்டேன். மேஜையெல்லாம் ரத்தம். அந்தோணி மேஜைமேல் கிடந்த இரண்டு துண்டு முள்ளையும் எடுத்து, ஒட்ட வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற வழி பாத்திருக்கலாமேய்யா. இது கொழும்பு முள்ளு. இங்கன கிடைக்காது.”

எலும்பு எடுக்கிற டாக்டர்

ஊரில் பெயர் பெற்ற வக்கீல் ஒருவர் தன் நாயைக் குதிரை வண்டியில் கொண்டுவந்தார். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்றார். கீழ்த்தாடை தொங்கிப்போய் எச்சில் ஒழுகியது. குரைக்க முயன்றபோது வேறு ஏதோ மிருகத்தின் குரல் போல இருந்தது. அவர் ஏற்கெனவே இரண்டு பேரிடம் காட்டியிருக்கிறார். இருவரும் கை வைக்கத் தயங்கியிருக்கிறார்கள். “தயங்குகிறவர் எனக்கு வேண்டாம், எலும்பை எடுக்கிற டாக்டர்தான் வேண்டும்” என்றார். “நானே விரலை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை” என்று கையைக் காட்டினார். விரல் முட்டியில் பல் கீறியிருந்தது.

அது எலும்பு இல்லை. வெறிநோய் எல்லா நாயையும் ஓடிக் கடிக்க வைக்காது. சில நாய்களுக்குத் தாடைதான் விழும். பார்க்கிறவர்களுக்கு ஏதோ சிக்கியது போலவே இருக்கும். வீட்டில் வேறு யார் அதைத் தொட்டார்கள் என்று கேட்டேன். மகள் கையால் பால் ஊட்டினாளாம். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. குரல் உயர்ந்தது. மேலே எழுதிப்போடுவதாகச் சொன்னார். இந்த ஊர் வேண்டாம், மதுரைக்கே பஸ்ஸில் கொண்டுபோகிறேன் என்று சங்கிலியைப் பிடித்தார். நான் போய் வாசலை மறித்து நின்றேன். சோலையப்பன் வெளிக்கதவைச் சாத்தினான். பஸ் நிறைய ஜனம், நடுவில் அந்த நாய் என்பதுதான் என் கண்ணில் நின்றது. “எலும்பு என்று பிறகு தெரிந்தால் நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். நாய் இங்கேயே இருக்கட்டும். நீங்களும் உங்கள் பெண்ணும் இப்போதே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்” என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். கடைசியில் சங்கிலியைத் தரையில் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் போனார்.

இரண்டு நாள் கழித்து நாய் பூட்டிய அறையிலேயே செத்தது. வீட்டில் அத்தனை பேரும் தொப்புளைச் சுற்றிப் போடுகிற ஊசியைத் தினமும் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் ஒரு வேலையாகப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது வக்கீல் வயிற்றைப் பிடித்தபடி தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்காரச் சொன்னார். “நீங்களும் எலும்புதான்னு சொல்லியிருந்தா, டாக்டர், ஊரெல்லாம் உங்களைத்தான் நல்ல டாக்டர்னு சொல்லியிருப்பேன்.”

புதுமடத்துப் பூனை

உச்சிப்புளிப் பக்கம் மாடுகளுக்கு வெக்கை நோய் பரவுகிறது என்று தடுப்பூசி போடப் புதுமடத்தில் முகாம் வைத்திருந்தோம். உள்ளூர் விவசாயிகள் விடிந்ததிலிருந்து மாடுகளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெய்னம்பு என்ற பெண் சுளகில் ஒரு பூனையைக் கிடத்தி எடுத்து வந்தாள். கரையில் எறிந்து கிடந்த பேத்தை மீனின் குடலைத் தின்றுவிட்டதாம். பேத்தையில் விஷம் இருப்பது கரைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பூனையின் நாலு காலும் துணி போலத் துவண்டு கிடந்தன. கண் மட்டும் திறந்து என்னையே பார்த்தது. மூச்சு நின்று நின்று வந்தது.

அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. விஷம் இறங்குகிறவரை மூச்சை நாம் ஓட்டிக்கொண்டிருந்தால் ஒருவேளை தப்பலாம். ஊசியைச் சோலையப்பன் கையில் கொடுத்துவிட்டு, மண்ணில் உட்கார்ந்து பூனையின் நெஞ்சை இரண்டு விரலால் அழுத்தி அழுத்தி விட ஆரம்பித்தேன். ஒரு ஆள் குறைந்ததால் வரிசை நகரவில்லை. பின்னால் முணுமுணுப்புக் கிளம்பியது. பூனைக்கு வைத்தியமா என்று ஒருவர் சிரித்தார். சிலர் மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பப் புறப்பட்டார்கள். ஊசி போடாமல் போகிற ஒரு மாடு போதும், ஊர்த் தொழுவத்தையெல்லாம் காலி செய்ய. போகாதீர்கள் என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன். கையை மட்டும் எடுக்க முடியவில்லை. எடுத்தால் பூனை போய்விடும். “விட்டுருங்கய்யா, அல்லா விட்ட வழி” என்று ஜெய்னம்புவே சொன்னாள். சொல்லிக்கொண்டே எனக்கு வெயில் படாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் பூனை முன்காலை இழுத்துக்கொண்டது. பிறகு மூச்சு தானாக வந்தது. திரும்பிப் போன மாடுகளைச் சோலையப்பன் வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்து இருட்டுவதற்குள் ஊசி போட்டு முடித்தான். கடைசியாக நின்றது ஒரு கிழட்டுக் காளை. அதன் சொந்தக்காரர் நாள் முழுக்க வரிசையை விட்டு நகராமல் நின்றவர். ஊசி போட்டு முடிந்ததும் என்னைக் கேட்டார்: “எம் மாட்டுக்கு மூச்சு முட்டுனாலும் இப்படி அரை நாளு உக்காருவீகளா?”

கப்பலேற ஒரு கையெழுத்து

சிலோன் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த ஒருவர் மனைவியையும் மகனையும் ஒரு வெள்ளை நாயையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போகிற வழியில் ராமநாதபுரத்தில் இறங்கினார். நாய்க்கு நோய் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் தனுஷ்கோடியில் கப்பலேற்றுவார்கள். அடுத்த ரயிலைப் பிடித்தாக வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார். நாயின் கண்ணில் பீளை, மூக்கு காய்ந்து வெடித்திருந்தது, உடம்பு கொதித்தது. டிஸ்டெம்பர், நாய்க்கு நாய் ஒட்டுகிற காய்ச்சல். கப்பலில் ஏற்றினால் போகிற இடத்திலெல்லாம் பரப்பும். முடியாது என்றேன். சட்டைப் பையில் கை வைத்தார். அதற்கும் முடியாது என்றேன். “சரி, ஸ்டேஷனில் அவிழ்த்துவிட்டுவிடலாம். யாராவது சோறு போடுவார்கள்” என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் கெஞ்சினார், அதட்டினார். மகன் அழுதான். ரயில் நேரம் நெருங்கியது. அவளை எழுப்ப முடியவில்லை. லீவு முடிந்துவிட்டது, வேலை போய்விடும் என்று அவர் மகனை மட்டும் கூட்டிக்கொண்டு ஓடினார்.

சோலையப்பன் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறை ஒழித்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த சல்பா பொடியும் பார்லிக் கஞ்சியும்தான் வைத்தியம். பென்சிலின் போட்டால் நல்லது, வெளியே வாங்க வேண்டும், போட்டாலும் நிச்சயமில்லை என்று அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன். கொஞ்சம் யோசித்து, “நிச்சயமில்லாததுக்கு இப்ப வேண்டாம். கஞ்சியை நான் விடாமல் புகட்டுறேன்” என்றாள். நடுவில் நாய்க்கு வலிப்பு வந்தது. அன்றைக்கு, இதற்குமேல் வைத்தியம் வேண்டாம் என்று நானே சொல்லிவிடலாம் என்று போனேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நாய் தேறியது. ஆனால் முன்னங்கால் ஒன்று ஓயாமல் துடித்துக்கொண்டே இருந்தது, இந்த நோய் போன பிறகும் விட்டுவைக்கிற அடையாளம் அது.

கணக்கப்பிள்ளை திரும்பவும் லீவு போட்டுவிட்டு வந்தார். மெலிந்திருந்தார். மனைவி இருந்த இடத்தை விட்டு எழவில்லை. நாய்தான் ஓடிப்போய் அவர் மேல் ஏறியது. நான் சர்டிபிகேட் எழுத உட்கார்ந்ததும், துடிக்கிற காலைத் தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: “டாக்டர், இந்தக் காலைப் பத்தி அதிலே ஒண்ணும் எழுதிட மாட்டீங்களே?”

ராசாத்தி

ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டுகிற முனியாண்டியின் குதிரை பெயர் ராசாத்தி. குளம்பில் ஆணி ஏறியதை அவர் பிடுங்கி மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறார். புண் ஆறியும்விட்டது. அதற்கப்புறம் ஒரு நாள் குதிரை தின்னவில்லை என்று வந்தார். நான் லாயத்துக்குப் போனேன். வால் கட்டையாக நின்றது. காது இரண்டும் விறைத்திருந்தன. கையைத் தட்டியதும் உடம்பே வெட்டி இழுத்தது. ஏர்ப்புவலி, டெட்டனஸ். அதற்கு ஒரு ஊசி மருந்து உண்டு, மதுரையிலிருந்து ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும், விலை அவர் வண்டி விலைக்குப் பக்கத்தில் வரும்.

“பொழைக்குமா? அதை மட்டும் சொல்லுங்க. பொழைக்கும்னா வண்டியை வித்துப்புட்டு வாங்கியாறேன்” என்றார். பெரும்பாலும் பிழைக்காது, இவ்வளவு முற்றிய பிறகு நானாக இருந்தால் வாங்கமாட்டேன் என்றேன். அவர் குதிரையின் கழுத்தைத் தொடப்போய், தொட்டால் வெட்டும் என்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு வெளியே நடந்தார். மறுநாள் மத்தியானம் ஐஸ் டப்பாவோடு வந்து நின்றார். வண்டி விலைக்குப் போய்விட்டது. ஊசியைப் போட்டேன். லாயத்தை இருட்டாக்கி, சத்தம் வராமல் அவரும் மனைவியும் தெருவில் காவல் இருந்தார்கள். கோயில் மேளக்காரர்கள்கூட அவர் கேட்டுக்கொண்டதற்காகச் சுற்றிப் போனார்கள்.

ராசாத்தி பிழைக்கவில்லை. புதைத்த பிறகு அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துச் சோலையப்பன் எழுந்து நின்றான். முனியாண்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீங்க வேணாம்னுதான் சொன்னீக. வாங்காம செத்திருந்தா, வாங்கியிருக்கலாமோ, வாங்கியிருக்கலாமோன்னு சாகுற மட்டும் கேட்டுக்கிட்டே கெடப்பேன்யா. இப்ப அது இல்ல. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

நல்ல டாக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறவர்களிடம் எல்லாம், பக்கத்தில் இருக்கிறவரிடம் சீக்கிரமாகப் போங்கள் என்று இத்தனை வருஷம் சொல்லிவிட்டேன், என் மனைவி மட்டும் எங்கள் வீட்டு நாய் தும்மினால் மூன்றாம் தெருவில் மந்திரிக்கிறவரிடம்தான் முதலில் கொண்டுபோகிறாள்.