என் முகம், இன்னொருவர் குரல்

கோயில் திருவிழா மேடைகளில் இருபத்திரண்டு வருடம் கோமாளி வேஷம் கட்டியவன் நான். சென்ற வருடம் சினிமாவில் ஒரு காட்சி கிடைத்தது. மளிகைக் கடைக்காரன், நான்கு வரி வசனம். எங்கள் ஊர்க் கொங்குப் பேச்சு இயல்பாக வருகிறது, அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தேன் என்றார் இயக்குநர். நம்பினேன். பின்னே, இந்த முகத்துக்காகவா கூப்பிடுவார்கள்?

படம் வந்த அன்று ராசிபுரத்தில் பகல் காட்சிக்கு, மனைவி, அவள் தம்பி என்று பதினாறு பேரோடு போனேன். காட்சியை வெட்டியிருப்பார்களோ என்பதுதான் என் பயம். இடைவேளைக்குள் மூன்று முறை கழிப்பறை. இடது தோள் கனத்தது. மாரடைப்புதான் என்று முடிவு செய்து, இந்தப் பதினாறில் எத்தனை பேர் அழுவார்கள் என்று பார்த்தேன். ஏழுதான் தேறியது. திரும்பினால், மைத்துனன் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

இடைவேளைக்குப் பிறகு என் முகம் வந்தது. திரை முழுக்க. மீசைகூட எடுப்பாக இருந்தது. வாய் திறந்தது. உள்ளேயிருந்து வேறொருவர் பேசினார்.

கரகரத்த, தடித்த குரல். எங்கள் பக்கம் டீ குடிக்கக்கூட இறங்காத யாரோ, கண்ட இடத்திலெல்லாம் ஒரு 'ங்க'வை ஒட்டிப் பேசிய கொங்குத் தமிழ். டப்பிங்குக்குக் கூப்பிடுவார்கள் என்று ஐந்து மாதம் போனைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்தேன். ஏன் கூப்பிடவில்லை என்று இப்போது தெரிந்தது. அரங்கு சிரித்தது. எங்கள் வரிசைதான் அதிகம் சிரித்தது.

மைத்துனன் விழித்துக்கொண்டான். "ஏனுங்க மச்சான், கொரலு ஒரு மாதிரி இருக்குது? சளி புடிச்சிருந்துச்சுங்களா?"

"ஆமா மாப்ள."

அவமானம் வரும் என்று காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, அப்படி இருந்தது. கன்னம் இருக்கிறது; யாருடையது என்று தெரியவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் மனைவி கேட்டாள். "அது நீங்க பேசுனது இல்லதானுங்களே?"

"மூஞ்சி என்னுதுதானே?"

"மூஞ்சிய ஆரு பாத்தா? ஊட்ல பொழுதன்னைக்கும் என்ற காதுல உழுகறது கொரலுதானுங்களே."

அடுத்த வாரம் மல்லசமுத்திரத்தில் நாடகம். பேனரில் என் படத்துக்குக் கீழே 'சினிமா நடிகர்' என்று போட்டிருந்தார்கள். வழக்கமான முதல் வசனத்தை என் குரலில் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் கேட்டது மேடைக்கே கேட்டது. "இவரு அவருதானுங்களா?"

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "அண்ணா, அந்தக் கடக்காரனாட்டப் பேசுங்ணா!"

இருபத்திரண்டு வருடமாகச் சொல்லும் அடுத்த வரி மறந்துபோனது. தொண்டையைச் செருமி, முன்பின் தெரியாத அந்த மனிதரின் கரகரப்பை எடுத்துவிட்டேன். பந்தல் அதிர்ந்தது.

இப்போது போகிற இடமெல்லாம் அந்தக் குரல்தான். நன்றாகவே வருகிறது. போன செவ்வாய்க்கிழமை வீட்டில் தண்ணீர் கேட்டபோதும் அதுவே வந்துவிட்டது. மனைவி சொம்போடு வந்து நின்றாள்.

"தண்ணி ஆருக்குங்க? உங்களுக்கா, அவருக்கா?"

எனக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எந்தக் குரல் வரும் என்று தெரியாததால் சொம்பை வாங்கிக் குடித்துவிட்டேன்.