கோபுரம் தின்ற பிலிம்

மொன்றியலில் எங்கள் ஆட்களின் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணிக்கு முதல் அல்பம் வரும். சப்பாத்தைக் கழற்றிக் கதிரையில் இருந்து "குளிர் எப்படி?" என்று கேட்டு முடிப்பதற்குள் மடியில் ஒரு தடித்த புத்தகம் ஏறிவிடும். கலியாணம், தேவாலயத்தில் பிள்ளையின் முதல்நன்மை, நயாகரா. கடைசிப் பக்கம்வரை புரட்டியவருக்குத்தான் தின்ன மீன் பற்றிஸ்.

நான் சொல்வது இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களை. கமராவுக்குள் பிலிம் சுற்றிய காலம். மொன்றியலின் வில்லரேப் பகுதியில் மூன்றாம் மாடியில் நாங்கள் மூன்று பேர்: நான், மனைவி, பதினொரு வயது மகள். எனக்குத் துறைமுகத்தில் களஞ்சிய வேலை.

எங்கள் அல்பத்தில் ஒரு குறை இருந்தது. எந்தப் படத்திலும் மனைவி இல்லை; அவளுடைய தடித்த குளிர் ஜக்கெற்தான் இருந்தது. மன்னாரில் இருந்த அவளுடைய அக்காவுக்கு மாதம் ஒரு படம் போகும். பன்னிரண்டு வருடமாக இருவரும் நேரில் பார்த்ததில்லை. ஒருநாள் அக்காவின் கடிதம் வந்தது: "தங்கச்சி, இதுக்குள்ள இருக்கிறது நீதானோ? போனமுறை நீலம், இந்தமுறை கறுப்பு. ஒருக்கா கடலுக்குள்ள இறங்கி நிண்டு ஒரு படம் எடுத்து அனுப்பு, பாப்பம்."

நான் கெட்டிக்காரன் அல்லவா? ஒக்டோபர் மாதம் அவளை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டுபோய், ஜக்கெற்றோடு நிற்கவைத்து எடுத்தனுப்பினேன். பதில் ஒரே வரி: "உது கடலோ, குளமோ?"

அடுத்த கோடையில் மனைவியின் மாமா மகளுக்கு ரோமில் கலியாணம். முடிந்தபின் எங்களுக்கு ஒரு நாள் மிச்சம் இருந்தது. நான் சரிந்த கோபுரம் பார்க்கவேண்டும் என்றேன். அவள் கடல் என்றாள். காலையில் பீசா, மத்தியானம் ரயிலேறிக் கடலோரக் கிராமங்கள் என்று சமாதானமாகினோம். அவள் கைப்பையில் ஒரு மஞ்சள் சேலை. மன்னாரிலிருந்து புறப்பட்டு வந்த அன்று அக்கா கட்டிவிட்ட சேலை. கமராவுக்குள் முப்பத்தாறு படத்துக்கு ஒரு புது பிலிம்.

கோபுரத்தடியில் ஒரு புல்வெளி. அதில் உலகத்துச் சனமெல்லாம் வெறும் காற்றில் கையை நீட்டிக்கொண்டு நின்றது, எங்கள் தியானக் கூட்டத்தில் கைவிரித்துச் செபிப்பவர்களைப்போல. எல்லாரும் கோபுரத்தைத் தாங்கிப்பிடிக்கிற மாதிரிப் படம் எடுக்கிறார்கள். எனக்கும் அது வேண்டும். மொன்றியலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில், "நான் ஒற்றைக் கையால பிடிச்சு நிறுத்திப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

கமராவை மனைவியிடம் கொடுத்தேன்.

"இடப்பக்கம் கொஞ்சம் போம்."

"போனால் உங்கட கை அந்தக் கிழவற்றை தலையில நிக்குது."

"அப்ப குனிஞ்சு எடும்."

"இப்ப கோபுரம் பிடிக்கிற மாதிரி இல்லையப்பா. பஸ் மறிக்கிற மாதிரி நிக்கிறியள்."

"பரவாயில்லை, அமத்தும். பிறகு இன்னொண்டு எடும்."

எடுத்த படத்தை அங்கேயே பார்க்கமுடியாத காலம். அதனால் எல்லாவற்றுக்கும் "இன்னொண்டு". ஒற்றைக் கை, இரட்டைக் கை, முதுகு, கடைசியில் ஒரு காலும். பக்கத்தில் நின்ற கியூபெக் குடும்பமொன்றிடம், இந்த ஆள் யாரென்று தனக்குத் தெரியாது என்று மகள் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, பிலிம் முடியப்போகுது. கடலுக்கு வேணும்."

"அங்கை வாங்கலாம். வெள்ளைக்காரன் சுற்றிப்பார்க்க வாற ஊரில பிலிம் விக்காத கடை இருக்கே?"

ஓடுகிற ரயிலின் கழிப்பறைக்குள் போய் அவள் சேலை மாற்றினாள். ஆறு யார் நீளச் சேலை, நான்கடி அறை, வளைவுக்கு வளைவு ஆடுகிற பெட்டி. கொசுவம் குலையாமல் வெளியே வந்தாள். நான் எழும்பி அவளுக்கு யன்னலோரம் இடம் விட்டேன்.

கிராமம் மலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு, மஞ்சள், ரோசா என்று வீட்டுக்கு மேல் வீடு. எங்கள் துறைமுகத்தில் கொள்கலன்களை அடுக்குவோமே, அதேபோல. நாங்கள் இவ்வளவு அழகாய் அடுக்குவதில்லை. இரண்டு கடைகளின் வாசலில் பிலிம் விளம்பரம் தொங்கியது. இரண்டும் மத்தியானத் தூக்கத்துக்குப் பூட்டு. திறக்கும் நேரத்தில் நாங்கள் திரும்பும் ரயிலில் இருக்கவேண்டும்.

மகள் கமராவை வாங்கி எண்ணைப் பார்த்தாள். "அப்பா, ஒண்டுதான் இருக்கு."

மனைவி செருப்பைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்காலளவில் நின்று திரும்பினாள். முகத்தில் சிரிப்பில்லை. எப்படி வரும்? முப்பத்தைந்து படம் எனக்கு, ஒன்று அவளுக்கு.

"இடப்பக்கம் கொஞ்சம்..." என்று தொடங்கினேன்.

"என்னைக் கோபுரமாக்காதேங்கோ. அமத்துங்கோ."

சேலைக் கரையும் படத்துக்குள் வரவேண்டுமென்று, தண்ணீரோரப் படியில் நின்றபடி ஒரு அடி பின்னுக்கு வைத்தேன். படியில் பாசி. கால் ஒருபக்கம் போனது, நான் மறுபக்கம். கமராவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப்பிடித்தபடி தண்ணீருக்குள் தொப்பென்று இருந்துவிட்டேன். விழுகிற வழியில் விரல் எதையோ அமத்தியது. கடைசிப் படமும் போய்விட, கமரா 'கர்ர்' என்று பிலிமைப் பின்னோக்கிச் சுற்றத் தொடங்கியது. அதற்குப் பிறகு கெஞ்சி வேலையில்லை.

ரயிலில் அவள் யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். என் காற்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவளுக்குப் பதிலாக அது பேசியது.

மொன்றியலுக்கு வந்ததும் அவளுக்குத் தெரியாமல் நானே பிலிமைக் கழுவக் கொடுத்தேன். படங்களை வாங்கி மெற்றோவில் வைத்துப் பார்த்தேன். கோபுரப் படங்கள் முப்பத்தைந்து. ஒன்றில்கூட என் கை கோபுரத்தில் இல்லை. ஒன்றில் ஒரு அம்மாவின் தொப்பியைத் தாங்குகிறேன். இன்னொன்றில் கோபுரம் நேராக நிற்கிறது, நான் சரிந்திருக்கிறேன்.

கடைசிப் படத்தில் கடலும் வீடுகளும் அப்படியே ஒருபக்கம் சரிந்து கிடந்தன. நடுவில் மஞ்சள் சேலையோடு மனைவி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறாள். நான் விழுந்த அந்த ஒரு கணத்துச் சிரிப்பு. நான் எழும்பியபோது அது போய்விட்டிருந்தது.

படத்தை மன்னாருக்கு அனுப்பினோம். அக்கா எழுதினார்: "இதுதான் நீ. கடல் சரிஞ்சால் சரிஞ்சிட்டுப் போகட்டும். அந்த மனுசன் எங்கை?"

இன்னொரு பிரதியை மனைவி பெரிதாக்கிச் சட்டம் போட்டாள். இப்போது அது, நாங்கள் பிறகு குடிபோன பியர்பொன்ட்ஸ் பகுதி வீட்டு முன்னறையில் தொங்குகிறது. கடல்மட்டம் சரியாக இருக்கவேண்டுமென்று சட்டத்தைக் கோணலாக மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாருக்கும் அதைக் கண்டதும் கை துறுதுறுக்கும். சொல்லாமலே எழும்பி நிமிர்த்தப் போவார்கள்.

"அண்ணை, அதில கை வையாதேங்கோ" என்று குசினியில் சமைத்துக்கொண்டிருக்கும் மனைவியின் குரல் வரும். "நேராக்கினால் கடல் சரிஞ்சிடும்."

வந்தவர் கையை எடுத்துக்கொண்டு, யார் எடுத்த படம் என்று கேட்பார். அந்த நேரம் பார்த்து நான் முப்பத்தைந்து படமும் ஒட்டிய கோபுர அல்பத்தை அவர் மடியில் வைப்பேன். இன்றுவரை ஒருவரும் கடைசிப் பக்கம்வரை போனதில்லை. என்றாலும் பற்றிஸ் கொடுத்துத்தான் அனுப்புகிறோம்.