திருப்பி வைத்த அட்டை

நான் ஆண்டவரிடம் திருடினேன். பணமில்லை, நகையில்லை... ஒரு வாக்குத்தத்த அட்டை! அதைக் காட்டிக் காட்டியே, சாகப்போகிற என் கணவரை வாய் திறக்கவிடாமல் செய்தேன். ஐந்து ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் பீடத்தின் முன்னால் ஒரு தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். வரிசையில் போய்ப் பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். அந்த ஆண்டுக்கு ஆண்டவர் நமக்குத் தரும் வாக்கு அதுதான்.

கல்யாணமான முதல் புத்தாண்டு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தாம்பரத்தில் அப்போது இவ்வளவு கூட்டம் ஏது! கோயிலிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பும் வழியில், ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நிறுத்தினார். என் அட்டையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டீச்சர், உனக்குப் பொறுமை வந்திருக்கு. உன்னோட குடித்தனம் பண்ண அது எனக்குத்தான் வேணும். மாத்திக்கலாமா?"

"சும்மா இருங்க! அதெல்லாம் மாத்தக் கூடாது. வந்தது வந்ததுதான்."

சொன்னவள் நான்! ஞாயிறு பள்ளியில் இருபது ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நான். 'நாம் கேட்டது கிடைக்காவிட்டாலும் அவர் சித்தத்துக்கு நம்மை ஒப்புக்கொடுக்க வேண்டும், கண்ணுகளா'... ஊருக்குத்தான் உபதேசம்!

அப்புறம் அந்த டிசம்பர் வந்தது. என் கணவர் சாமுவேலுக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். டாக்டர் மாதக் கணக்கு சொன்னார். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். நான்தான் கேட்கவில்லை.

புத்தாண்டுக் காலை. புதுச் சட்டை அவர் மேல் தொளதொளவென்று கிடந்தது. வரிசையில் நான் முன்னால், அவர் பின்னால். தட்டில் கைவிட்டு ஓர் அட்டையை எடுத்தேன். திருப்பிப் பார்த்தேன். பலவீனத்தில் கிருபை போதும் என்கிற வசனம்.

வேறு யாருக்காவது அது ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் எனக்குத் தெரியுமே... வேண்டிக் கேட்டது கிடைக்காத ஒருவனுக்குச் சொன்ன பதில் அல்லவா அது!

திருப்பி வைத்துவிட்டேன். மற்ற அட்டைகளின் மேலேயே கவிழ்த்து வைத்தேன். இன்னொன்றை எடுத்தேன். அதுவும் சரியில்லை; அடியில் செருகிவிட்டேன். மூன்றாவதில்தான் நீடித்த ஆயுள் வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்ன?

வீட்டுக்கு வந்ததும் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். "உங்களுக்கு என்ன வந்துச்சுங்க?" என்றேன்.

"எனக்கு வந்தத நான் வெச்சுக்கிறேன், ஸ்டெல்லா" என்று சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான்.

கனடாவிலிருந்து எங்கள் மகள் பிரியா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "டிக்கெட் போடட்டுமாம்மா?" என்பாள். "எதுக்குடி? அப்பா நல்லாத்தான் இருக்காரு. ஈஸ்டருக்கு வா, போதும்" என்பேன். வீடியோவில் அவள் வரும் முன் அவருக்குத் தலை வாரி, தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைப்பேன். பக்கத்திலேயே நானும் உட்கார்ந்துகொள்வேன்.

ஒரு மத்தியானம். எங்கள் மேடவாக்கம் குடியிருப்பின் கீழே தண்ணீர் லாரி இரைந்துகொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"ஸ்டெல்லா, ஒரு விஷயம் பேசணும். எனக்கு அப்புறம்..."

"அவிசுவாசமா பேசாதீங்க! வாக்கு வந்திருக்குல்ல?" ஃபிரிட்ஜைக் காட்டினேன்.

"சரிம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அவரே மகளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொல்லியிருக்கலாம். நான் உடைந்துபோவேன் என்று பயந்தார். முப்பது ஆண்டுகள் என்னோடு வாழ்ந்தவர் அல்லவா!

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம் அவர் போய்விட்டார். பிரியா வந்து சேர்ந்தபோது, ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல்தான் அவளால் கைவைக்க முடிந்தது.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து அவருடைய வேதாகமத்தைத் திறந்தேன். உள்ளே அந்த அட்டை. ஆம்... நான் திருப்பி வைத்த அதே அட்டை! பின்னால் நின்றவர் மேலே இருந்ததை எடுத்திருக்கிறார். நான் வேண்டாம் என்றதை, வந்தது வந்ததுதான் என்று வாங்கிக்கொண்டார்.

பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். 'பிரியாவைப் பார்க்க வேண்டும். ஸ்டெல்லாவிடம் எப்படிச் சொல்வது?'

உம் சித்தம் என்று தினமும் ஜெபித்தேனே... அதற்கு என்ன பொருள்? பதிலையும் நானே எழுதி, கையெழுத்தை மட்டும் ஆண்டவரிடம் கேட்டேன். அதைத்தான் விசுவாசம் என்று நினைத்தேன்! ஒப்புக்கொடுத்தல் என்னவென்று அறிந்தவர் என் பக்கத்திலேயே படுத்திருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை நான். அந்த மூன்று மாதங்கள் எங்களுக்கென்று கிடைத்தவை. பழைய டீக்கடையைப் பற்றியாவது பேசியிருக்கலாம். பேசவில்லையே!

இப்போதும் ஜனவரி முதல் தேதி வரிசையில் நிற்கிறேன். கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு வருகிறேன். அதனால் என்ன... திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

போன வாரம் பிரியா கூப்பிட்டாள். ஏதேதோ பேசிவிட்டு, மெல்லக் கேட்டாள். "அம்மா... கடைசி நாள்ல அப்பா என்னைப் பார்க்கணும்னு கேட்டாராம்மா?"

"இல்லடி. ஒண்ணும் கேக்கல. நிம்மதியாப் போயிட்டார்" என்றேன்.

அதைச் சொன்னபோது, அந்த அட்டை என் கையில்தான் இருந்தது.