பீற்றரின் புகைப்பெட்டி

பிராண்டே ஊரின் காற்றாலைத் தொழிற்சாலையில் பீற்றர் வேலை செய்த பகுதியில் மட்டும் நாலு பீற்றர்கள் இருந்தார்கள். மூன்று பேர் டெனிஷ்காரர், நாலாவது ஆள் மன்னாரிலிருந்து வந்து சேர்ந்தவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாலு தலையும் ஒன்றாகத் திரும்பும். அதனால் ஒருவன் நெட்டைப் பீற்றர் ஆனான், இன்னொருவன் படகுப் பீற்றர் ஆனான். மூன்றாமவர் ஃபோர்மன், அவருக்குப் பட்டம் வைக்க யாருக்கும் துணிவில்லை. நம்முடைய ஆளுக்கு வைத்த பெயர் 'றொய்-பீடர்'. டெனிஷில் றொய் என்றால் புகை.

சிகரெட் பிடித்து வாங்கிய பெயரல்ல அது. பீற்றர் வாழ்நாளில் ஒரு சிகரெட்டையும் உதட்டில் வைத்ததில்லை. அவர் புகை போட்டது பன்றி இறைச்சிக்கு. பழைய எண்ணெய்ப் பீப்பா ஒன்றை நெடுக்காக வெட்டி, கீல் போட்டு, பின்வளவில் ஒரு அடுப்புச் செய்துவைத்திருந்தார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு விறகு மூட்டினால், மிளகும் உள்ளியும் பழப்புளியும் தடவிய இறைச்சியைப் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் இறக்குவார். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அதைக் கறுப்புப் பாண் துண்டுகளுக்கிடையில் வைத்துத் தின்ன நெட்டைப் பீற்றர் முதல் ஃபோர்மன் வரை வரிசையில் நிற்பார்கள். முப்பது வருடமாக அந்த நாட்டில் இருந்த மனிதரை அவர்கள் தங்களில் ஒருவராக நினைத்தது அந்தப் புகையால்தான் என்று பீற்றர் நம்பினார். அதில் பொய்யும் இல்லை.

டெனிஷில் சிகரெட் புகைப்பதற்கு ஒரு சொல், இறைச்சிக்குப் புகை போடுவதற்கு இன்னொரு சொல். முதலாவது 'றூயர்', இரண்டாவது 'றோயர்'. ஒரு உயிரெழுத்துத்தான் வித்தியாசம். அந்த எழுத்துகளைச் சொல்ல வாயை எப்படிக் குவிக்கவேண்டும் என்பது தொட்டிலிலேயே படிக்கவேண்டிய காரியம். பீற்றரின் வாயில் இரண்டும் ஒன்றாகவே வரும், காதிலும் ஒன்றாகவே விழும். தொழிற்சாலையில் அதனால் ஒரு குறையும் வரவில்லை. "சனிக்கிழமை புகை போடுகிறாயா?" என்று கேட்பார்கள், "ஓம்" என்பார், எல்லாரும் சந்தோசப்படுவார்கள்.

ஐம்பத்தேழு வயதில் இருமல் பிடித்தது. முதலில் வறட்டு இருமல். பிறகு தொழிற்சாலைப் படியில் பாதி ஏறி நின்று, சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதுபோல் நடிக்கத் தொடங்கினார். நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறது, காரணம் தெரியவில்லை என்றார் டொக்டர். மருந்து அதைக் கொஞ்சம் மெதுவாக்கும், நிறுத்தாது. ஒரே ஒரு வழி, இறந்த ஒருவரின் நுரையீரலை வைப்பது. அதைக் கொப்பன்ஹேகனில் செய்வார்கள். ஆனால் இங்குள்ள ஆஸ்பத்திரி 'இவர் தகுதியானவர்' என்று ஒரு கடிதம் அனுப்பவேண்டும். பீற்றரின் உயிர் அந்தக் கடிதத்தில் இருந்தது.

பெப்ரவரியில் அந்தக் கடிதத்துக்கான விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஓஹூஸ் நகரில் வேலை செய்யும் மகள் கிளோறியா லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றாள். பீற்றர் ஒரே பிடியாக மறுத்துவிட்டார்.

"நீ வரவேண்டாம். எனக்கு டெனிஷ் தெரியும்."

அது வீம்பு மட்டுமல்ல. கிளோறியாவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மனைவி மாக்கிரட்டுக்கு வயிற்றில் ஐந்து மாதம். ஒரு நாள் இரத்தம் போய் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மொழிபெயர்க்க ஆள் வரத் தாமதமானது. டொக்டர் சொன்னதைத் தாயிடம் சொல்லும் வேலை அந்தப் பிள்ளையின் தலையில் விழுந்தது. "அம்மா, தம்பி செத்துப்போனானாம்" என்று அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். இனி என் பிள்ளையை இந்த வேலைக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கும் கொண்டுவரமாட்டேன் என்று பீற்றர் அன்றைக்கு முடிவெடுத்தார். அந்த முடிவை யாருக்கும் சொல்லவில்லை.

ஆகவே தனியே போனார். சனிக்கிழமைகளில் போடும் அதே தடித்த ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனார். குளிருக்கு அதைவிட நல்லதொன்று அவரிடம் இருக்கவில்லை.

நேர்ஸ் நல்ல பெண். கதவைச் சாத்தியதும் மூக்கைச் சுருக்கிச் சிரித்தாள். "புகை மணக்கிறதே, நீங்கள் புகைப்பீர்களா?" என்றாள்.

பீற்றருக்கு முகம் மலர்ந்தது. "ஓம். தொழிற்சாலையில் எனக்குப் பெயரே றொய்-பீடர்."

"எவ்வளவு?"

"பத்து, பன்னிரண்டு." கிலோவைத்தான் சொன்னார். "நத்தார்ப் பண்டிகைக்கு இருபதும் போகும்."

"எத்தனை வருடமாக?"

"இருபது வருடம்."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தட்டச்சு செய்தாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. நுரையீரல் நோயாளி ஒருவன் தன் புகையைப் பற்றி இவ்வளவு பெருமையாகப் பேசி அவள் கேட்டிருக்கமாட்டாள். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: முற்றாக விடவேண்டும், ஆறு மாதம் புகையே இருக்கக்கூடாது, அதற்குப் பிறகுதான் கடிதம் அனுப்பலாம்.

பீற்றருக்கு அது நியாயமாகவே பட்டது. இறுகிப்போன நுரையீரலுக்கு விறகுப் புகை ஆகுமா? ஆனாலும் ஒரு கேள்வி கேட்டார். "எலெக்ட்ரிக் என்றால்?"

"அது மற்றதைவிடப் பரவாயில்லை," என்றாள் அவள். "ஆனால்..." என்று தொடர்ந்து இன்னும் நாலு வசனம் சொன்னாள். பீற்றர் தலையாட்டினார். அவரிடம் ஒரு குணம், விளங்கவில்லை என்று சொல்ல வாய் வராது. தலையாட்டித் தலையாட்டியே முப்பது வருடம் ஓட்டிவிட்டார்.

அடுத்த வாரமே பீப்பாவைப் பழைய இரும்புக்குக் கொண்டுபோய்ப் போட்டார். மாக்கிரட்டைக் கூட்டிக்கொண்டு ஹேர்னிங் நகரில் தோட்டச் சாமான் விற்கும் கடைக்குப் போனார்.

"இஞ்சாருங்கோ, மூச்சு விடவே ஏலாமல் நிக்கிறியள். இப்ப இது ஆருக்கு?" என்று மாக்கிரட் சினந்தாள்.

"பொறுமப்பா, பாப்பம்."

கடைக்காரி ஐம்பது வயதுப் பெண், அவசரமில்லாதவள். முதலில் கரியில் எரியும் உருளையைக் காட்டினாள். விலை குறைவு, ருசி நல்லது, ஆனால் மணிக்கொருதரம் ஆள் பார்க்கவேண்டும். பீற்றர் கடந்து போனார். அடுத்தது மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னக் குளிசைகளில் எரிவது, குளிசைகளை ஒரு திருகாணி தானே தள்ளிக் கொடுக்கும். "மழை பட்டால்?" என்று கேட்டார். குளிசை ஊதித் திருகாணி இறுகிவிடும் என்று அவள் மறைக்காமல் சொன்னாள். "சாம்பல் ஆர் எடுக்கிறது?" வாரத்துக்கொருதரம் உறிஞ்சி எடுக்கவேண்டும். அதையும் விட்டார்.

கடைசியாக மின்சாரப் பெட்டி. சின்னக் குளிர்சாதனப் பெட்டி மாதிரி நின்றது. இரட்டைச் சுவர், ஜுட்லாந்துப் பக்கத்துக் காற்றுக்கும் சூடு இறங்காது. மரச்சீவலைக் கதவு திறக்காமலே வெளியிலிருந்து ஒரு இழுப்பறையில் போடலாம். கீழே கொழுப்பு வடியும் தட்டை அப்படியே கழற்றிப் பாத்திரம் கழுவும் மெஷினில் கழுவலாம். சூட்டையும் நேரத்தையும் வைத்துவிட்டால் முடிந்ததும் தானே நிற்கும். தொழிற்சாலையில் காற்றாலை மூடிகளின் பொருத்துகளைக் கையால் தடவிப் பிழை கண்டுபிடிப்பதுதான் பீற்றரின் வேலை. பெட்டிக்குள் கையை விட்டு மூலை மூலையாகத் தடவினார். இரண்டு பெட்டிகளில் பொருத்து நெருடியது. நெருடுகிற இடத்தில் கொழுப்பு ஏறும், ஏறினால் சுரண்டவேண்டும், சுரண்ட ஆள் வேண்டும். மூன்றாவது பெட்டி ஒரே தகட்டில் வளைத்தது, விரல் எங்கேயும் தடங்கவில்லை.

"இதுதான்," என்றார். பிறகு மாக்கிரட்டைப் பார்த்து, "ஒரு பொத்தானை அமத்தினால் காணும். நான் இல்லாட்டியும் உமக்குக் கரைச்சல் இருக்காது" என்றார்.

மாக்கிரட்டுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் ஒரு விதவைக்காகக் கேட்ட கேள்விகள். அவள் பூச்சாடிகள் அடுக்கியிருந்த பக்கம் போய், அழுது முடியும்வரை அங்கேயே நின்றாள்.

வசந்தமும் கோடையும் அந்தப் பெட்டியோடு போயின. சனிக்கிழமைகளில் மாக்கிரட் பொத்தானை அமத்துவாள். பீற்றர் குசினிக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், ஒட்சிசன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு கதிரையில் இருப்பார். வெளியே கால் வைக்கமாட்டார். ஆறு மாதத்தில் ஒரே ஒரு தரம் பிழை விட்டார். யூன் மாதம் கிளோறியாவின் பிறந்தநாளன்று எழுந்து போய், பெட்டியைத் திறந்து, அந்த மணத்தை ஒரு இழுப்பு இழுத்தார். மிச்சம் முழுநாளும் இருமினார். ஓகஸ்ட் வரட்டும், ஓகஸ்ட் வரட்டும் என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஓகஸ்டில் அதே நேர்ஸ். "விட்டுவிட்டீர்களா?"

"பழையதைப் பெப்ரவரியிலேயே எறிந்துவிட்டேன். இப்போது எலெக்ட்ரிக் மட்டும். சனிக்கிழமைகளில். மனிசியும் பழகிவிட்டாள்." பொய் சொல்லத் தெரியாத மனிதர், யூனில் விட்ட பிழையையும் சேர்த்து ஒப்புக்கொண்டார். "ஒருக்கா மட்டும் இழுத்தனான். மகளின் பிறந்தநாள்."

நேர்ஸ் பெருமூச்சு விட்டாள். கவலையோடுதான் சொன்னாள், எலெக்ட்ரிக்கும் புகைதான், ஆறு மாதத்தை இன்றிலிருந்து திரும்ப எண்ணவேண்டும் என்று. பீற்றர் தலையாட்டினார். வாகன நிறுத்திடம் வரைக்கும் நடக்க அவருக்கு இருபது நிமிடம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை கிளோறியா வந்தாள். கடிதம் ஏன் போகவில்லை என்று அவர் சொன்ன விளக்கம் அவளுக்குத் தலையும் காலும் புரியவில்லை. குசினி மேசையில் இருந்து, தகப்பனின் மருத்துவக் குறிப்பைத் தொலைபேசியில் திறந்து வாசித்தாள். வாசிக்க வாசிக்க முகம் மாறியது. நிமிர்ந்து டெனிஷில் கேட்டாள்.

"அப்பா, நீங்கள் புகைப்பீர்களா?"

"ஓம். உனக்குத் தெரியாதே? வந்து வந்து தின்னிறது நீதானே."

கிளோறியா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, வீட்டில் வருடக்கணக்காகப் பேசாத தமிழில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "சிகரெட், அப்பா. அவை கேட்டது சிகரெட். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு, இருபது வருசம் எண்டு எழுதியிருக்கு. இப்ப எலெக்ட்ரிக் சிகரெட்டாம். அம்மாவும் பத்துறாவாம்."

பீற்றருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "கொம்மா சிகரெட் பத்துறாவோ!" என்று சிரித்தார், சிரிப்பு இருமலாகியது, இருமல் நிற்கக் கால்மணி நேரம் ஆனது. அது நின்றபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கண்ணாடிக் கதவு வழியாகப் பெட்டியைப் பார்த்தார்.

"அப்ப இந்த ஆறு மாசம்?" என்று கேட்டார். கிளோறியா தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

திங்கட்கிழமை கிளோறியா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் பேசினாள். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், நிக்கொட்டின் துளியும் இல்லை. நேர்ஸ் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டு அழுதாள். பீற்றர் அவளைத் தேற்றினார். கடிதம் மூன்றாம் நாளே போனது, கொப்பன்ஹேகனில் நாலு நாள் வைத்துச் சோதித்தார்கள்.

ஒக்டோபரில் முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். இந்த முறை கிளோறியாவைத் தடுக்க அவருக்கு மூச்சு இல்லை. டொக்டர் தாழ்ந்த குரலில் அவளைப் பார்த்தே பேசினார். அவள் கேட்டு முடித்துவிட்டுத் தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, டொக்டர் சொல்லுறார்..." என்று தொடங்கி, சுவரைப் பார்த்தாள். அந்த ஒன்பது வயதுப் பிள்ளையின் முகத்தைப் பீற்றர் திரும்பவும் கண்டார்.

"நீ சொல்லாதை பிள்ளை," என்றார். பிறகு டொக்டரைப் பார்த்து, முப்பது வருடத்தில் ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்தார். கேட்டதைத் தன்னுடைய டெனிஷில் திருப்பிச் சொன்னார். "இதயமும் பழுதாகிவிட்டது. வெட்டினால் மேசையிலேயே போய்விடுவேன். ஆகவே வெட்டமாட்டீர்கள். எனக்குச் சரியாக விளங்கியிருக்கிறதா?"

"சரியாக விளங்கியிருக்கிறது," என்றார் டொக்டர்.

கிளோறியா கண்ணைத் துடைத்துக்கொண்டு டொக்டரிடம் டெனிஷில் தொடங்கினாள். "பெப்ரவரியிலேயே அனுப்பியிருந்தால்..."

பீற்றர் மகளின் கையைப் பிடித்து அமத்தினார்.

"அதைக் கேளாதை. மறுமொழி எனக்குத் தெரியும். நீயும் அதைக் காவிக்கொண்டு திரியவேண்டாம்."

டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் விளங்கவில்லை, ஆனாலும் தலையாட்டினார்.